புறப்பாட்டில் எஞ்சின் செயலிழப்பு (சிறு ஜெட்)

ஓடுபாதையை விட்டெழுந்த சில நொடிகளில் எஞ்சின் நின்றுபோவது. இரட்டை எஞ்சின் ஜெட், முடிவெடுப்பு வேகத்தை (அதற்குமேல் ஓடுபாதையில் பாதுகாப்பாக நிற்க இயலாத வேகம்) கடந்தபின் ஏறித்தான் ஆகவேண்டும். இயங்கும் எஞ்சின் பக்கத்து மிதியை அழுத்தி மூக்கை நேராக்கி, வேகத்தைக் காத்து, ஏற்றம் உறுதியானதும் சக்கரங்களை மடக்குவர். ஏறத்தாழ 400 அடிவரை எஞ்சின் கட்டுப்பாடுகளில் அவசரப்பட்டுக் கைவைக்காதிருப்பதே உயிர்காக்கும் ஒழுங்கு. 2015இல் தைபேயில், ஜெட் அல்லாத டிரான்ஸ்ஏசியா விமானமொன்றில் நல்ல எஞ்சினை அணைத்துவிட்டதால் 43 பேர் மாண்டனர்.

கோவை பீளமேடு விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று சற்று அடர்த்தி குறைந்தது. கோடை வெயிலில் காற்றின் அடர்த்தி மேலும் குறைய, எஞ்சிய ஒற்றை எஞ்சினின் ஏறுதிறன் சரியும். அருகிலுள்ள சூலூர் விமானப்படைத் தளத்தின் தேஜஸ் போர் விமானத்துக்கோ எஞ்சினே ஒன்றுதான். அது நின்று மீண்டும் உயிர்பெறாவிட்டால், குடியிருப்புகளை விலக்கித் திருப்பிவிட்டு விமானி இருக்கையோடு வெளியேற வேண்டும். அந்த இருக்கை தரைமட்டத்திலும் செயல்படும்படி அமைந்தது.