நிலைத்த காட்சியும் மாறும் காட்சியும்

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்திற்கு நீங்கள் சென்றிருக்கக்கூடும். அங்குள்ள கற்சிற்பங்களும் வெண்கலத் திருமேனிகளும் நிலைத்த காட்சிகள். ஆண்டு முழுதும் அவற்றைக் காணலாம். ஆனால், எந்தப் பெரிய அருங்காட்சியகத்திலும் சில பொருள்கள் சிறிது காலமே வெளியே வரும். பின்னர் காப்பறைக்குத் திரும்பிவிடும். மக்களின் உடைமையை மக்கள் கண்ணிலிருந்து மறைப்பது முறையா? இக்கேள்விக்கு விடை காண்போம்.

இந்த அருங்காட்சியகம் 1851இல் மருத்துவர் எட்வர்டு பால்ஃபரின் பொறுப்பில் நுங்கம்பாக்கத்தில் தொடங்கியது; 1854இல் எழும்பூருக்கு இடம் மாறியது. முதலில் சேர்ந்தவை பெரும்பாலும் பாறைகளும் கனிமங்களுமே. பின்னர் அமராவதியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் வந்தன. 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டிய கற்கருவிகளும் வந்தன. மண்ணில் புதைந்து கிடந்த திருமேனிகள் பலவும் இங்கே சேர்ந்தன.

கல்லை ஒளி எளிதில் கெடுப்பதில்லை; உலோகத்தையும் அப்படியே. ஆனால் உலோகத்திற்கு வேறொரு பகை உண்டு. மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு வெண்கலத்தில் ஊடுருவித் தங்கிவிடுகிறது. ஈரக்காற்றுப் பட்டதும் அது செம்பை அரிக்கத் தொடங்கும்; வெளிர்பச்சைத் தூள் உதிரும். ஒருமுறை தொடங்கிய அரிப்பு தானாக நிற்பதில்லை. இதைத் தடுக்கவே 1930இல் இங்கு வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. அங்கே பரமசிவன் என்னும் வேதியியலார் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். திருமேனியை எதிர்மின்வாயாக்கிக் காரக் கரைசலில் வைத்து மின்னோட்டம் செலுத்தினால், குளோரைடு அயனிகள் வெளியேறி நேர்மின்வாயை நோக்கிச் செல்லும். நீங்கள் பள்ளி ஆய்வகத்தில் செய்த சோதனைதான்! கூடத்தில் திருமேனிகள் நிலைத்து நிற்பதற்குப் பின்னால் இத்தகைய உழைப்பும் இருக்கிறது.

ஆனால் சாயமேற்றிய துணி, நீர்வண்ண ஓவியம், பழைய ஒளிப்படம் ஆகியவற்றின் நிலை வேறு. ஒளி ஆற்றல் சாய மூலக்கூற்றின் பிணைப்புகளைச் சிதைக்கிறது, நிறம் வெளுக்கிறது. வெளுத்த நிறத்தை எந்த மின்பகுப்பும் மீட்டுத் தராது. ஆகவே இவற்றின்மீது விழும் ஒளி 50 லக்ஸுக்கு மேற்படலாகாது என்பது பொது நடைமுறை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லக்ஸ் ஒளியில், நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் மொத்தம் 1,20,000 லக்ஸ் மணி. நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். எனவே மங்கிய ஒளியில் ஓராண்டு காட்சிக்கு வைப்பது, ஒளியின் அளவைப் பொறுத்தவரை, வெயிலில் 1 மணி 12 நிமிடம் வைப்பதற்குச் சமம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரின் கூடுதல் கேடு இதில் சேரவில்லை. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் 100 ஆண்டில் அது 120 மணி நேர வெயிலாகிவிடும்! ஆண்டுக்கு 3 மாதம் மட்டும் வைத்தால் அதே அளவு ஒளி விழ 400 ஆண்டாகும்.

ஆக, மாறும் காட்சி என்பது மறைப்பதன்று, பங்கிடுவது. ஒரு துணி தாங்கக்கூடிய ஒளி ஓர் எல்லைக்கு உட்பட்டது. அதில் நமக்கும் பங்குண்டு. நம் பேரப்பிள்ளைகளுக்கும் பங்குண்டு.

அடுத்த முறை செல்லும்போது நிலைத்த காட்சிகளை நிதானமாகப் பாருங்கள். சிறப்புக் கண்காட்சி நடந்தால் அதை முதலில் பாருங்கள். விளக்கு மங்கலாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த மங்கல் இன்னும் பிறவாத ஒருவருக்காக.