பருவக்காற்றுப் பாடமும் நம் ஐப்பசி மழையும்

தலைநகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான். நதி, மலை, கனிமம் எல்லாவற்றையும் பிள்ளைகள் எப்படியோ மனப்பாடம் செய்துவிடுவார்கள். தட்பவெப்பப் பாடம் வரும்போதுதான் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வரும். "சார், மழைக்காலம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்னு புஸ்தகத்துல இருக்கு. எங்க பாட்டி தீபாவளிக்குத்தான் மழைன்னு சொல்றாங்களே, எது சரி?" என்று கேட்பார்கள்.

இரண்டும் சரிதான். ஆனால் பாடம் ஏன் ஜூன் பக்கமே சாய்ந்து நிற்கிறது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் நம் ஊர்களுக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நுங்கம்பாக்கமும் அரியலூரும்

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் அமைத்தது. 1796 முதல் ஜான் கோல்டிங்ஹாம் அங்கே வானிலை அளவுகளைக் குறித்துவரத் தொடங்கினார். கப்பல்காரர்களுக்கு வானிலை உயிர்ப் பிரச்சினை. சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் 1746 அக்டோபரில் புயலில் சிக்கிச் சிதைந்ததைப் படித்திருப்பீர்கள். அதுவும் நம் ஐப்பசிக் காற்றின் வேலைதான்.

அடுத்து வருகிறவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. 1855இல் இந்தியாவுக்கு வந்த இவர் வானிலைக்காரர் அல்லர், பாறைகளை ஆராய்ந்தவர். திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களில் ஆய்வு செய்து, அங்குள்ள பழைய கடற்படிவுப் பாறைகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். புவியியலார் இன்றும் அவற்றைச் சொல்கிறார்கள். பிறகு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார்.

1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டார்கள். 1866இல் ஒரிசாவில் கடும் பஞ்சம். இவற்றுக்குப் பிறகுதான் 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. அதன் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு. இந்தியப் பள்ளிகளுக்கென்றே இயற்கைப் பூகோளப் பாடப்புத்தகம் எழுதியவரும் அவர்தான். வானிலைத் துறையும் வகுப்பறையும் ஒரே கையிலிருந்து புறப்பட்டன என்று சொல்லலாம்.

பாடம் சாய்ந்த கதை

துறை தொடங்கிய மறு வருஷமே சென்னை மாகாணத்தில் இரண்டு பருவமழையும் பொய்த்து, தாது வருஷப் பஞ்சம் வந்தது. மழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசாங்கம் பிளான்ஃபோர்டிடம் கேட்டது. இமயமலைப் பனியை வைத்து அவர் கணக்குப் போட்டார். 1886 ஜூன் முதல் பருவமழை முன்னறிவிப்பு முறையாக வெளிவந்தது. அது தென்மேற்குப் பருவத்துக்கான முன்னறிவிப்பு. நாட்டின் பெரும்பகுதிக்கு முக்கால் பங்கு மழை அந்த நான்கு மாதத்தில்தான் என்பதால் அதில் தப்பு காண முடியாது. ஆனால் ஆட்சியாளர் பார்வை போன வழியிலேயே பள்ளிப் பாடமும் போயிற்று.

2006இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம், வெயில்காலம், முன்னேறும் பருவமழை, பின்வாங்கும் பருவமழை என்று நான்கு காலம். அக்டோபர், நவம்பரில் தமிழகக் கடற்கரைக்கு மழை உண்டு என்ற செய்தியும் அதில் இருக்கிறது. ஆனால் "பின்வாங்கும்" என்று படிக்கிற பிள்ளை, மழை முடிந்துபோனது என்றுதானே நினைக்கும்? நமக்கோ அப்போதுதான் ஆரம்பம். காற்று திசை மாறி, வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வடகிழக்கிலிருந்து வருகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இதுதான். சென்னைக்குப் பாதிக்கும் மேல். வானிலைத் துறையும் இப்போது இந்தப் பருவத்துக்குத் தனியே முன்னறிவிப்புத் தருகிறது.

நம் கையில் உள்ள பாடம்

தொல்காப்பியம் ஆறு பெரும்பொழுதுகளைச் சொல்கிறது. உரையாசிரியர்கள் கணக்குப்படி கார்காலம் ஆவணி, புரட்டாசி. கூதிர்காலம் ஐப்பசி, கார்த்திகை, அதாவது அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை. வடகிழக்குப் பருவத்தின் பெரும்பகுதி அதற்குள் பொருந்திவிடுகிறது, பார்த்தீர்களா? காற்றுக்கும் திசைவாரியாகப் பெயர் வைத்தார்கள்: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். மான்சூன் என்ற சொல்லின் மூலமான அரபுச் சொல்லுக்கும் 'பருவம்' என்றுதான் பொருள்.

வகுப்பில் மழைமறைவுப் பிரதேசம் என்றால் பிள்ளைகள் விழிப்பார்கள். "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்னு வீட்ல சொல்வாங்களே, காற்று அவ்வளவு அடிக்குது, மழை மட்டும் ஏன் இல்லை?" என்று நான் கேட்பேன். மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே மழையை வாங்கிக்கொண்டு, வெறுங்காற்றை நம் பக்கம் அனுப்புகிறது. அதே சமயம் குடகு மலையில் கொட்டிய மழை காவிரியில் இறங்கி, உள்ளூரில் மழையே இல்லாமல் ஆறு பொங்கிவரும். அதுதான் ஆடிப்பெருக்கு. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் பெருக்கு அணைத் திறப்பைப் பொறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். ஒரு பண்டிகைக்குள் ஒரு முழுப் பாடம் இருக்கிறது.

இது வெறும் ஊர்ப்பெருமைக்காகச் சொல்வதல்ல. 2015 நவம்பர், டிசம்பரில் சென்னை மூழ்கியது இந்தப் பருவத்தில்தான். 2018இல் இதே மழை குறைந்ததனால், 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, குடிதண்ணீருக்கு லாரியின் பின்னால் ஜனங்கள் நின்றார்கள். நம் பிள்ளைகளில் பலர் நாளை வேலைக்கோ வீடு கட்டவோ அங்கே போகிறவர்கள். ஏரிக்கரையில் மனை வாங்கலாமா, கூரைத் தண்ணீரை எந்த மாதம் சேமிக்க வேண்டும் என்பதை ஜூன் மழையை மட்டும் படித்தவன் எப்படி அறிவான்?

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தட்பவெப்பப் பாடம் படிக்கிற அன்று பக்கத்தில் ஒரு தமிழ் நாட்காட்டியை வையுங்கள். புத்தகம் சொல்லும் மாதத்துக்கு நேரே நம் மாதத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஊரில் பெரியவர்கள் இருந்தால் போன் போட்டு, இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று கேட்கச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும். ஐப்பசியும் கார்த்திகையும் அவன் நோட்டில் இருக்கட்டும்.