அரமும் கேஜும்: ஒன்றுபோல் உறுப்புகள் உருவான வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு படைவீரனின் துப்பாக்கியில் விசைப்பொறியின் சிறு வில் முறிந்துவிட்டால், துப்பாக்கியே கொல்லரிடம் போயாக வேண்டும். பக்கத்தில் நிற்பவனின் துப்பாக்கியிலிருந்து வில்லைக் கழற்றி மாட்ட முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். ஒரே பட்டறையில், ஒரே கை செய்தவையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒவ்வோர் உறுப்பும் தன் பக்கத்து உறுப்போடு இணங்கும்வரை அரத்தால் ராவப்பட்டது. அப்படி இணங்கிய பிறகு அது அந்த ஒரு துப்பாக்கிக்கே உரியது.

இன்று பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கடையில் வாங்கி வந்து மாட்டிக்கொள்கிறோம். இந்த இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள். நல்ல இயந்திரங்கள் வந்தன, அதனால் ஒன்றுபோல் உறுப்புகளும் வந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. ஆவணங்களும் எஞ்சியுள்ள துப்பாக்கிகளும் அப்படிச் சொல்லவில்லை. இந்த வரலாற்றில் இயந்திரத்தைவிட முன்னே நிற்பது அளவு பார்க்கும் கேஜ். அதற்கும் முன்னே நிற்பது, கேஜுக்கு அடங்காத பொருளை வாங்க மறுத்து, அந்த மறுப்புக்கான செலவையும் பல பத்தாண்டுகள் சுமந்த அரசாங்கக் கொள்முதல்.

தொடக்கம் பிரான்சில். 1765இல் தளபதி கிரிபோவால் பிரெஞ்சுப் பீரங்கிப் படையைச் சீரமைத்தபோது, பீரங்கி வண்டிகளின் சக்கரம், அச்சு முதலியவற்றின் அளவுகளை நாடு முழுவதற்கும் ஒன்றாக்கினார். அவரது ஆதரவில் ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் அதே எண்ணத்தை விசைப்பொறிக்கு நீட்டித்தார். பீரங்கி வண்டியில் நூலளவு பிசகு பெரிதாகத் தெரியாது. விசைப்பொறியிலோ அது பொறியையே முடக்கிவிடும். 1785இல் பாரிஸ் அருகே வென்சேன் கோட்டையிலிருந்த பிளாங்க்கின் பட்டறைக்கு அமெரிக்கத் தூதர் தாமஸ் ஜெஃபர்சன் போனார். ஐம்பது விசைப்பொறிகளின் உறுப்புகள் வகைவகையாகப் பிரித்துத் தடுப்பறைகளில் போடப்பட்டிருந்தன. ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தாமே சில பொறிகளைப் பூட்டிப் பார்த்தார், எல்லாம் பொருந்தின. இதை அவர் அந்த ஆகஸ்டு மாதமே அமெரிக்க வெளியுறவுப் பொறுப்பிலிருந்த ஜான் ஜேக்குக் கடிதமாக எழுதினார். 1790இல் பாரிஸில் அறிவியல் கழகத்தாரின் முன்னிலையிலும் பிளாங்க் இதைச் செய்து காட்டினார்.

பிறகு பிரான்ஸ் இதைக் கைவிட்டது. வணிகர்களும் துப்பாக்கிக் கைவினைஞர்களும் எதிர்த்தார்கள், செலவும் கூடியது, புரட்சிக்குப் பின் வந்த அரசுகளுக்கோ உடனடியாக ஏராளமான துப்பாக்கிகள் தேவைப்பட்டன. தொழில்நுட்பம் தோற்கவில்லை, அதைத் தாங்கிப்பிடித்த அரசியல் விலகிக்கொண்டது என்று காட்டியவர் வரலாற்றாசிரியர் கென் ஆல்டர். அவர் சொல்வது சரியென்றே படுகிறது. பிளாங்க் 1801இல் இறந்தார். அவர் முறை பிரான்சில் அதிக நாள் தாங்கவில்லை.

அதே 1801இன் தொடக்கத்தில் வாஷிங்டனில் எலி விட்னி ஒரு காட்சியை நிகழ்த்தினார். 1798இல் 1,34,000 டாலருக்கு 10,000 மஸ்கட் துப்பாக்கிகளை ஏறத்தாழ இரண்டாண்டில் தருவதாக அரசோடு ஒப்பந்தம் செய்தவர் அவர். கெடு கடந்தும் ஒப்பந்தம் நிறைவேறவில்லை. நம்பிக்கையைத் தக்கவைக்க, தலைவர்கள் முன் விசைப்பொறிகளை மாற்றி மாற்றித் துப்பாக்கியில் பொருத்திக் காட்டினார். கூடுதல் அவகாசம் கிடைத்தது. கடைசித் தவணைத் துப்பாக்கிகள் 1809இல் போய்ச் சேர்ந்தன. ஒன்றுபோல் உறுப்புகளின் தந்தை என்று விட்னி நூறாண்டுக்கு மேல் போற்றப்பட்டார். 1960இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் உட்பரி அந்தக் கதையைச் சான்றுகளோடு உடைத்தார். அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள விட்னி துப்பாக்கிகளைக் கழற்றினால் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்துவதில்லை. எந்த உறுப்பு எந்தத் துப்பாக்கிக்கு என்று அடையாளக் குறியும் வெட்டப்பட்டிருக்கிறது. மாறிப் பொருந்தும் உறுப்புக்குக் குறி எதற்கு? இருந்தும் விட்னி இன்னமும் பொது நூல்களிலிருந்து இறங்கவில்லை. தனியொருவர் கண்டுபிடித்தார் என்ற கதைக்கு இருக்கும் வசதி அப்படி.

உண்மையான வேலை நடந்தது வேறிடங்களில். கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் கைத்துப்பாக்கி செய்துவந்த சைமியன் நார்த்துடன் 1813இல் அமெரிக்க அரசு போட்ட ஒப்பந்தம் 20,000 கைத்துப்பாக்கிகளுக்கானது. அதில் ஒரு நிபந்தனை: எந்தத் துப்பாக்கியின் எந்த உறுப்பும் அந்த 20,000இல் எதனோடும் பொருந்த வேண்டும். ஒன்றுபோல் உறுப்பு என்பது இங்கேதான் ஒருவரின் சாமர்த்தியக் காட்சி என்ற நிலையிலிருந்து சட்டப்படி கேட்டு வாங்கக்கூடிய தரமாக மாறுகிறது. நார்த் அதை அப்போதே முழுமையாக எட்டவில்லை. ஆனால் கேள்வி எழுத்தில் பதிந்துவிட்டது.

அதற்கு விடை கண்டவர் ஜான் ஹால். அன்றைய வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுதச்சாலையில், பின்பக்கம் வழியாக மருந்து நிரப்பும் தம் துப்பாக்கியில் ஆயிரம் செய்துதர 1819இல் ஒப்புக்கொண்டார். அவருடைய வேலைமுறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்த வரலாற்றின் நுட்பமெல்லாம் அங்கே இருக்கிறது.

ஓர் உறுப்பில் நான்கு துளைகள் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் துளையிலிருந்து இரண்டாவதை அளந்து, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை அளந்து போனால், ஒவ்வோர் அடியிலும் நேரும் நூலிழைப் பிசகு அடுத்ததில் ஏறிக்கொள்ளும். கடைசித் துளைக்கு வரும்போது உறுப்பு உருப்படாது. ஹால் உறுப்பில் ஒரே ஓர் ஆதாரப் புள்ளியைக் குறித்துக்கொண்டு, எல்லா அளவுகளையும் அங்கிருந்தே எடுத்தார். எந்த இயந்திரத்தில் பிடித்தாலும் அந்தப் புள்ளியை வைத்தே பிடித்தார். பிசகு வரும், ஆனால் சேராது. இன்றும் எந்த லேத் பட்டறையிலும் வரைபடத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது இந்த ஆதாரத்தைத்தான்.

அடுத்தது கேஜ். ஹால் தம் துப்பாக்கியைச் சரிபார்க்க அறுபதுக்கும் மேற்பட்ட கேஜ்களைச் செய்தார். தொழிலாளியின் கையில் ஒரு தொகுதி, பரிசோதகரிடம் இன்னொன்று, இவ்விரண்டும் தேய்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பூட்டி வைத்த மூலத் தொகுதி மூன்றாவது. எஃகும் தேயும் என்பதை ஏற்பாட்டுக்குள்ளேயே கணக்கில் கொண்டுவந்த இந்த மூன்றடுக்கு முறை, எனக்கு எந்த இயந்திரத்தையும்விடப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. 1820களின் நடுவே அரசு அமைத்த குழு நூறு துப்பாக்கிகளைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, மறுபடி பூட்டச் சொன்னது; அவை பொருந்தின. 1834 வாக்கில் மிடில்டவுனில் நார்த் செய்த ஹால் துப்பாக்கியின் உறுப்புகள், பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் செய்தவற்றோடு மாறிப் பொருந்தின. இரு ஊர்களையும் இணைத்தவை கேஜ்கள்.

அப்படியானால் இயந்திரங்கள்? ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் தாமஸ் பிளான்சார்டின் கட்டை கடையும் இயந்திரம் 1819 முதல் துப்பாக்கிக் கட்டைகளை மாதிரியைப் பார்த்து அப்படியே கடைந்து தந்தது உண்மை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் மார்க் புரூனலும் ஹென்றி மாட்ஸ்லியும் அதற்கு முன்பே 45 இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி, 1808 வாக்கில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகளைச் செய்தார்கள். 110 பேர் செய்த வேலைக்குப் பத்துப் பேர் போதுமானார்கள். ஆனால் இவை மரம். இரும்பு வேறு கதை. உறுப்பைச் சூடேற்றி இறுக்கம் கொடுக்கும்போது அது சற்றே முறுக்கிக்கொள்ளும். இயந்திரம் எவ்வளவு துல்லியமாக வெட்டியிருந்தாலும் இந்த மாற்றத்தைத் தடுக்க முடியாது. 1980களில் ஆய்வாளர் ராபர்ட் கோர்டன் ஸ்பிரிங்ஃபீல்டு விசைப்பொறிகளின் மேற்பரப்பை நுணுகி ஆராய்ந்தார். அவர் கண்டவை அரத்தின் தடங்கள். ஆயுதச்சாலைத் தொழிலாளர்கள் கையில் அரமும் பக்கத்தில் கேஜுமாக உட்கார்ந்து, முன்பு பக்கத்து உறுப்புக்கு ராவியதை இப்போது கேஜுக்கு ராவினார்கள். இந்த ஆய்வின்படி துல்லியம் கூடக்கூடத் தொழிலாளியின் திறமையும் கூடியே வந்திருக்கிறது.

ஆனாலும் அந்தத் திறமையின் மதிப்பை முடிவு செய்யும் இடம் மாறிவிட்டது. முன்பு பொருந்துகிறதா என்று சொன்னது தொழிலாளியின் கண். இனிச் சொல்வது பரிசோதகர் கையிலுள்ள எஃகுத் துண்டு. உறுப்புகளாகப் பிரிந்தது துப்பாக்கி மட்டுமா? அதைச் செய்யும் கூட்டமும்தான். ஒருவர் குழலைத் துளைப்பார், ஒருவர் வில்லை அடிப்பார், ஒருவர் திருகுக்கு மரை போடுவார். ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணிக்கைக் கூலி, தனிக் கணக்கு. ஸ்பிரிங்ஃபீல்டில் 1815 முதல் 1833 வரை பொறுப்பிலிருந்த ராஸ்வெல் லீ இதைப் பெரிய பூசலின்றி நடத்தினார். ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் அது இரத்தம் பார்த்தது. அங்கே ஒழுங்கை இறுக்க வந்த கண்காணிப்பாளர் தாமஸ் டன்னை 1830 ஜனவரியில் வேலை இழந்த ஒரு தொழிலாளி சுட்டுக் கொன்றார். 1842இல் இராணுவ அதிகாரி ஒருவரின் பொறுப்பில் வேலை நேரத்தைக் கடிகாரத்துக்குக் கட்டியபோது, எண்ணிக்கைக் கூலிக்கு நினைத்த நேரத்தில் வந்து போய்ப் பழகிய தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கால்வாய் வழியே படகேறி வாஷிங்டனுக்குப் போய் அதிபர் டைலரிடம் முறையிட்டார்கள். அவர் நயமாகப் பேசித் திருப்பியனுப்பினார்; கடிகாரம் நின்றுவிடவில்லை. மெரிட் ரோ ஸ்மித் 1977இல் எழுதிய ஹார்ப்பர்ஸ் ஃபெரி வரலாறு இந்த மனிதர்களை மறக்கவில்லை என்பதாலேயே இத்துறையில் இன்றும் முதலில் படிக்க வேண்டிய நூல். மனிதர்களையும் மாற்றிப் பூட்டும் உறுப்புகளாகப் பார்க்கும் போக்கு ஆயுதச்சாலையோடு நிற்கவில்லை. 1855இல் நியூயார்க்–ஈரி இரயில்வேயின் டேனியல் மெக்கல்லம் தம் நிறுவனத்தின் பதவிகளை மரக்கிளைகள்போல வரைந்து வெளியிட்டார். ஆள் மாறினாலும் பதவி அதே இடத்தில் நிற்கும் என்பதை அந்தப் படத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்ளலாம்.

ஒன்றுபோல் உறுப்புகள் செய்யும் இந்த அமெரிக்க முறையைப் பிரிட்டன் கவனித்தது 1851இல், இலண்டன் பெருங்கண்காட்சியில். வெர்மான்ட் மாநிலத்தின் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம் உறுப்புகள் மாறிப் பொருந்தும் ஆறு துப்பாக்கிகளை அங்கே வைத்திருந்தது. 1854இல் பிரிட்டிஷ் குழு ஸ்பிரிங்ஃபீல்டுக்கு நேரில் போய், 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்து மஸ்கட்டுகளை எடுத்துக் கழற்றிக் கலந்து பூட்டச் செய்து பார்த்தது. பூட்டிய தொழிலாளிக்குத் திருகு முடுக்கி தவிர வேறு கருவி அதிகம் தேவைப்படவில்லை. குழு அமெரிக்க இயந்திரங்களை வாங்கி இலண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் நிறுவியது; அவற்றை இயக்க ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் வேலை பார்த்த ஜேம்ஸ் பர்ட்டனையும் அழைத்துக்கொண்டது. 1857 கிளர்ச்சியோடு நாம் சேர்த்துச் சொல்லும் கொழுப்புத் தடவிய தோட்டா, இந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் 1853 மாதிரிக்குரியது.

தனியார் தொழிலுக்கு இந்த முறை எளிதில் வரவில்லை. கோல்ட் நிறுவனத்தின் ரிவால்வர்களிலும் உறுப்புகளுக்கு எண் குறிக்கப்பட்டது. உலகெங்கும் தையல் இயந்திரம் விற்ற சிங்கர் நிறுவனம், 1880களில்கூட உறுப்புகளை அரத்தால் ராவித்தான் பூட்டியது என்று வரலாற்றாசிரியர் டேவிட் ஹவுன்ஷெல் நிறுவியிருக்கிறார். காரணம் எளிது: ராவுவது மலிவு. சந்தைக்குச் செய்பவர் கேஜுக்காக இருபதாண்டு நஷ்டம் தாங்கமாட்டார், அரசு தாங்கியது. ஆயுதச்சாலைகளில் பழகியவர்கள் வெளியே வந்து பிற தொழில்களில் இறங்கிய பிறகே நிலை மாறியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டில் வேலை செய்த ஹென்றி லேலண்ட், பின்னாளில் கேடிலாக் கார் நிறுவனத்தைக் கட்டினார். 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் மூன்று கேடிலாக் கார்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, 89 பாகங்களைக் கிடங்கிலிருந்து எடுத்த புதியவற்றால் மாற்றிப் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். சுவீடனின் ஆயுதச்சாலையில் பணியாற்றிய யோஹான்சன் 1896இல் சிந்தித்த கேஜ் கட்டைகள், 102 துண்டுகளைச் சேர்த்து இருபதாயிரம் அளவுகளை உண்டாக்க வல்லவை. அவரையே 1923இல் ஃபோர்டு நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஃபோர்டின் நகரும் பூட்டுவரிசை 1913–14இல் ஒரு கார் அடிச்சட்டத்தின் பூட்டு நேரத்தைப் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடமாகக் குறைத்ததை எல்லோரும் அறிவார்கள். ராவ வேண்டிய உறுப்பு ஒன்று வந்தால்கூட அந்த வரிசை நின்றுபோகும். பெருந்திரள் உற்பத்தியில், ராவிப் பொருத்தும் ஃபிட்டருக்கு இடமில்லை என்று 1926இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் ஃபோர்டின் பெயரில் வந்த கட்டுரை சொன்னது. நம் ஐ.டி.ஐ.களில் இன்றும் ஃபிட்டர் பிரிவுக்குப் போட்டி இருக்கிறது என்பதை அக்கட்டுரையாளர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

என்ஃபீல்டிலிருந்து ஒரு கிளை நம்மூருக்கும் நீண்டது. ரெட்டிச் நகரில் சைக்கிள் செய்துவந்த ஒரு நிறுவனம் 1890களின் தொடக்கத்தில் என்ஃபீல்டு ஆயுதச்சாலைக்குத் துல்லிய உறுப்புகள் செய்துதரும் ஒப்பந்தம் பெற்றது. அந்தப் பெருமையில் ராயல் என்ஃபீல்டு என்று பெயர் சூட்டிக்கொண்டு, துப்பாக்கியைச் செய்வதுபோல் செய்தது என்று விளம்பரமும் செய்தது. 1955இல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை வைத்து புல்லட் மோட்டார் சைக்கிள் பூட்டப்பட்டது. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. பத்தாண்டுகளுக்குள் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது, சென்னையின் திருவொற்றியூர் ஆலையில் நிற்கவில்லை.

1955 முதல் 1962 வரையிலான ஏழாண்டுகளில் இங்கிலாந்து வரைபடத்துக்கு ஏற்ப உறுப்புகளைச் செய்து, சரிபார்த்து, கழித்துப்போட்டு, மறுபடி செய்தவர்களின் கதை கேஜ்களிலும் பரிசோதனைப் பதிவேடுகளிலும்தான் இருக்கும். ஹாலின் கதை நமக்குக் கிடைத்தது ஆயுதச்சாலைக் காகிதங்கள் பாதுகாக்கப்பட்டதால். அம்பத்தூர், கிண்டி, கோவை என்று பழைய டூல் ரூம்களை வைத்திருப்பவர்கள், தேய்ந்த கேஜ்களையும் மஞ்சளேறிய வரைபடங்களையும் காயலான் கடைக்கு எடைக்குப் போடுமுன், பக்கத்திலுள்ள பொறியியல் கல்லூரிக்கோ அருங்காட்சியகத்துக்கோ ஒரு தகவல் சொல்லுங்கள்.