நெடிய உடம்புக்குப் பெரிய சலப்பையா?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்களில் ஒரு பகிடி உண்டு: "அவன் நெடுவல், விடியும்வரை அடக்குவான். நீ கட்டையன், இப்பவே போட்டு வா." நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். உண்மையில் உயரமான, அகன்ற உடம்புள்ள ஆணுக்குச் சலப்பையும் பெரிதா?

பிள்ளைப் பருவத்தில் வளர்ச்சியோடு சலப்பையும் வளர்கிறது. வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ மில்லிலீற்றரில் வரும். 6 வயதில் 210. இந்தக் கணக்கு 12 வயது வரைக்குந்தான். வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு 400 முதல் 500 மில்லிலீற்றர். ஒருவரின் உயரத்தையோ இடுப்பளவையோ பார்த்து அதைச் சொல்ல முடியாது.

காரணம், சலப்பை விரிந்து சுருங்கும் தசைப்பை. எவ்வளவில் முட்டுகிறது என்பதை நரம்புகளே மூளைக்குச் சொல்கின்றன. நீரிழிவு முற்றினால் அந்த உணர்வு மங்கும். 50 வயதைத் தாண்டிய ஆண்களில் பலருக்குப் புரஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கும். அப்போது சலம் முழுதாக வெளியேறாது. இரவில் பலதடவை எழும்ப வேண்டியிருக்கும்.

முள்ளந்தண்டில் காயப்பட்டோருக்கு

போர் நடந்த எங்கள் மண்ணில் இது வெறும் பகிடிக் கேள்வியல்ல. செல் துண்டாலோ சன்னத்தாலோ முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குச் சலப்பை நிறைவது தெரியாது. கால்கள் மெலிந்த உடம்பைப் பார்த்தும் எதையும் கணிக்க முடியாது. சலம் தேங்கி அழுத்தம் கூடினால் சிறுநீரகம் பழுதாகும்.

ஒரு காலத்தில் இத்தகைய காயக்காரரில் பெரும்பாலானோரைக் கொன்றது சிறுநீரகச் செயலிழப்பும் கிருமித் தொற்றுமே. 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மன்டெவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு அந்த நிலையை மாற்றத் தொடங்கியது. 1972இல் அமெரிக்க வைத்தியர் ஜக் லபிடஸ், சுத்தமாகக் கழுவிய கையால் தாமே கதீற்றர் போட்டுச் சலத்தை வெளியேற்றும் முறையை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுவது அதுதான்.

இவர்கள் கவனிக்க வேண்டியவை:

• உணர்வுக்குக் காத்திராமல் மணிக்கூட்டைப் பாருங்கள். வழமையாக 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருதடவை.

• ஒருதடவையில் 500 மில்லிலீற்றருக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கள்.

• கலியாண வீடு, பயணம் என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்த வேண்டாம். தொற்றும் கல்லும் வரலாம்.

• மார்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ காயப்பட்டவருக்குத் திடீரெனத் தலை இடித்து, முகம் வியர்த்தால் சலப்பை முட்டியிருக்கலாம். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். நிமிர்த்தி இருத்தி, உடுப்பைத் தளர்த்தி, சலத்தை வெளியேற்றுங்கள். பொதியோடு கதீற்றர் இருந்தால் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

வெட்கத்தால் இதை வீட்டிலும் சொல்லாமல் மறைக்கும் ஆண்கள் எங்களிடையே பலர். சந்தேகம் உள்ள எவரும் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அளவுக்கோடு போட்ட ஒரு கோப்பையில் மூன்று நாட்களுக்குச் சலத்தை அளந்து, நேரத்தோடு எழுதுங்கள். அந்தக் கடதாசியை அரச வைத்தியசாலைக்குக் கொண்டு போனால், உங்கள் சலப்பையைப் பற்றி வைத்தியருக்கு உங்கள் உயரத்தை விட அதுவே அதிகம் சொல்லும்.