நந்தையின் புக்ககப் பாதை

இமயத்தின் கர்வால் பிரதேசத்தில், வாண் என்னும் கிராமத்திலிருந்து கிளம்பி, அடர்ந்த வனத்தைக் கடந்து, வேதினி என்ற விசாலமான புல்வெளியில் ஏறி, திரிசூல சிகரத்தின் மடியில் ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் ரூப்குண்டம் என்ற சிறிய ஏரியை அடைகின்ற மலைப்பாதையை, இன்று முதுகில் மூட்டை சுமந்து நடக்கும் இளைஞர்கள் சாகச யாத்திரைக்குரிய வழியாகவே அறிவார்கள். ஆனால் அம்மலைவாசிகளுக்கோ, அது தங்கள் மகளைப் பிறந்தகத்திலிருந்து புக்ககத்துக்கு வழியனுப்பும் பாதை.

அம்மகள் நந்தாதேவி, சிவபெருமானுக்கு வாழ்க்கைப்பட்டுக் கைலாசம் சென்றவள். ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நௌட்டி கிராமத்திலிருந்து புறப்படும் ராஜஜாத் யாத்திரையில், நான்கு கொம்புள்ள ஆட்டுக்கடா ஒன்று தேவிக்குரிய சீர்வரிசையை முதுகில் தாங்கி முன்னே நடக்க, வாண் கிராமத்தில் அவளுடைய சகோதரனாகிய லாட்டு தேவன் துணைசேர, ரூப்குண்டத்தையும் அதற்கு மேலுள்ள கணவாயையும் தாண்டி ஹோமகுண்டம் வரையில் சென்று, அங்கே அந்தக் கடாவைப் பனிமலையை நோக்கித் தனியே விட்டுவிட்டு ஜனங்கள் கண்ணீரோடு திரும்புகிறார்கள். பெண்ணைக் கொடுத்த எந்த வீட்டாருக்கும் அந்தக் கண்ணீர் விளங்கும்.

1942-ஆம் ஆண்டில் வனத்துறையைச் சேர்ந்த ஹரி கிஷன் மத்வால் அந்த ஏரிக்கரையில் நூற்றுக்கணக்கான மனிதர்களின் எலும்புகளைக் கண்டார். யுத்தகாலமாதலால் அவை எதிரிப் படையினருடையவை என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். நாட்டுப்புற மக்களோ, கன்னோஜி மன்னன் ஒருவன் நர்த்தகியரை உடன் அழைத்துக்கொண்டு ஆடம்பரமாய் யாத்திரை வந்ததனால் தேவி சினந்து, இரும்பு போன்ற கல்மழையால் அனைவரையும் மாய்த்தாள் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள். நர்த்தகியர் கல்லாய்ச் சமைந்த இடம் இன்றும் பாதர் நச்சௌனி என்றே வழங்குகிறது. பிற்காலத்தில் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், சில மண்டையோடுகளில் மேலிருந்து உருண்டையான பொருள் விழுந்து தாக்கியது போன்ற காயங்களைக் கண்டார்கள்.

எனினும், ஒரே மன்னன், ஒரே மழை என்ற கதை அவ்வண்ணமே நிற்கவில்லை. 2019-இல் வெளியான மரபணு ஆய்வில் 38 பேருடைய எலும்புகளைச் சோதித்தபோது, 23 பேர் தெற்காசிய வழியினர் என்றும், அவர்கள் ஏறக்குறைய கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்தில், அதுவும் ஒரே சமயத்திலன்றி, இறந்தவர்கள் என்றும் தெரிந்தது. 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பிரதேசத்து வழியினராய் ஏறக்குறைய 1800-ஐ ஒட்டிய காலத்தில் மாண்டவர்கள். எஞ்சிய ஒருவர் தென்கிழக்காசிய வழியினர். அந்த 38 பேரில் 15 பேர் பெண்கள். ஆகவே அது படையன்று. முற்காலத்து மரணங்களைப் பற்றியமட்டில், யாத்திரிகர் கூட்டமே என்று நான் கருதுகிறேன். வழியிலுள்ள ஆலயங்களின் கல்வெட்டுகள் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலானவை என்பதும் இதற்குத் துணைசெய்கிறது. பாட்டு எண்ணிக்கையில் பிழைத்திருக்கலாம். முற்காலத்தில் இறந்தவர்கள் யாத்திரிகர்கள் என்பதில் பிழைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

அந்த எலும்புகளில் பல, ஏரியைக் காணச் சென்றவர்களால் ஞாபகப் பொருள்களாக எடுத்துச் செல்லப்பட்டுவிட்டன. அப்பாதையில் நடக்கும் பாக்கியம் வாய்க்கப்பெறும் அன்பர்கள், எஞ்சியவற்றைக் கைதொட்டு எடுக்காமல், கண்ணால் வணங்கித் திரும்புவார்களாக.