கித்துல்கலவின் வைன் பட்டியலில் இல்லாத மது

களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலவுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது, அங்கே படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’. இன்று ஆற்றுப் பாய்ச்சலில் படகோட்ட வருகிறவர்களை நம்பி விடுதிகள் நடக்கின்றன. இத்தகைய ஊரில் ஓர் உணவகத்தின் வைன் பட்டியலை மதிப்பிடுகிறவர்கள், எந்தெந்த நாட்டு வைன் இருக்கிறது, விலை நியாயமா, உறைப்புக் கறிக்கு எது ஒத்துப்போகும் என்று பார்ப்பார்கள். கித்துல்கல அமைந்துள்ள சப்ரகமுவவில் அந்த அளவுகோல் போதாது. கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளின் மது கித்துல் கள். அது விருந்து மேசைக்கு வராமல் போனதற்குச் சுவை காரணமன்று. வரி வசூலின் வரலாறே காரணம்.

கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் கித்துல் மரத்தின் இனிய சாற்றையும் அதிலிருந்து காய்ச்சும் கருப்பட்டியையும் வியந்து எழுதியிருக்கிறார். உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பாளை விடும் மரம் அது. பாளையைக் கீறி, மருந்து வைத்துக் கட்டி, நாள்தோறும் சீவி இறக்குவதற்குத் தலைமுறைப் பழக்கம் வேண்டும். இனிப்பாகக் காய்ச்சினால் பாணி, புளிக்க விட்டால் கள். ஆனால் காட்டோரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் தனித்தனியாக நிற்கும் மரங்களின் கள்ளை எந்த அரசும் எளிதில் அளந்து வரி போட முடியாது. பீப்பாயில் வரும் தென்னஞ்சாராயத்தை அளக்கலாம், விற்கும் உரிமையை ஏலம் விடலாம். 1815இல் கண்டி பிரித்தானியர் வசமான பின், கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, மொறட்டுவை, பாணந்துறைப் பக்கத்துக் குத்தகைக்காரர்களின் சாராயம் மலையேறியது. ஏலப்பணம் அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்றாயிற்று. துரைமார் கிளப்பில் விஸ்கி, தோட்டத்துச் சந்தியில் சாராயத் தவறணை என்று மது இரண்டு வகுப்பாகப் பிரிந்ததில் ஊர்க்கள் இரண்டுக்கும் வெளியே நின்றது.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அந்தப் பிரிவை இறுக்கியது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் தனித்தனித் தவறணைகள் வந்தன; மதுவுக்காக மரம் சீவவே அனுமதி தேவைப்பட்டது. அதே ஆண்டில் களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை இரத்தினபுரியை எட்டியது. இறப்பர்த் தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்தன. சம்பள நாளில் கையில் காசுள்ள தொழிலாளர் கூட்டம் தவறணைக்குக் கிடைத்தது. அந்தச் சட்டத்தைச் சட்டசபையில் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தார். எஃப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்றோரின் மதுவிலக்கு இயக்கம் தென்னிலங்கை எங்கும் எழுந்தது. அரசின் தவறணைகளை எதிர்த்ததில் அவர்கள் சரி. ஆனால் ஊருக்குள் கொல்லை மரத்துக் கள்ளையும் சந்தியில் கடன்பற்றில் விற்ற சாராயத்தையும் ஒரே பாவமாகப் பார்த்ததில் எனக்கு உடன்பாடில்லை.

கள் மாலைக்குள் புளித்துவிடும், வைனைப் போல அடுக்கி வைக்க முடியாது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள் என்பதே இதற்குப் போதிய பதில். இன்னொரு மறுப்பு கனமானது. தோட்ட லயங்களில் குடி அழித்த குடும்பங்கள் எத்தனையோ. பெண்கள் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் உழைத்த கூலியைக் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. அந்தக் காசு தவறணைக்குப் போனது. அப்படியிருக்கக் கள்ளுக்குப் பரிந்து பேசலாமா? அந்த அழிவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதைச் செய்தது வருமானத்துக்காகத் தொழிலாளர் வாசலில் கொண்டுவந்து வைத்த கடும் சாராயம். உரிமமுள்ள சாராயம் எட்டாத விலைக்குப் போனபோது கசிப்பு என்ற கள்ளச்சாராயம் வந்து இன்னும் மோசமாகக் கொன்றது. கித்துல் கள்ளை மீண்டும் தோட்டச் சந்திக்குக் கொண்டுவரும்படி நான் கேட்கவில்லை. வெளிநாட்டு வைனுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கும் விடுதி, எந்தக் கிராமத்தில், எந்த வேளையில் இறக்கியது என்ற குறிப்போடு அந்தக் கள்ளுக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். மரமேறுகிறவருக்குப் பாணியின் விலையைவிடக் குறையாத விலையும் கொடுக்கட்டும்.