உப்பறிந்த நெல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறு என்று பெயர் பெற்றவை உண்டு. ஆண்டு முழுவதும் ஆறாக ஓடுவது ஒன்றேனும் இல்லை. உப்பாறும் தொண்டைமானாறும் கடலோடு தொடர்புடைய உவர்நீர்ப் பரப்புகளே. அவற்றின் கரையோர வயல்களில் நெல்லுக்கு நஞ்சாவது நாம் கறிக்கு இடும் உப்பே. உப்பின் ஒரு கூறாகிய சோடியம் ஓர் உலோகம். அது வேர்வழி ஏறி இலையிலே மிகுமாயின் இலைநுனி கருகும். இளம்பயிர்ப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் அதனால் விளையும் கேடு பெரிது.

மாரி மழை பெய்து உவரைக் கழுவும்வரை கவலை இல்லை. மழை இடையிலே நின்றுவிட்டால், நிலத்தின் ஈரம் வெயிலில் வற்ற, உப்பு மீண்டும் மேலெழும். இந்த இடருக்கு மனிதர் இரு வழிகளை நாடினர்.

முதல் வழி, உப்பைத் தடுப்பது. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954ஆம் ஆண்டில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவு நீரேரியின் நன்னீரைக் கால்வாய் வழியே வடமராட்சிக்குக் கொணர்ந்து, அங்கிருந்து உப்பாற்றுக்கும் செலுத்துவதே அதன் நோக்கம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. எனினும் திட்டம் முற்றுப்பெறவில்லை. காலப்போக்கில் அணைக் கதவுகள் பழுதுற, கடல்நீர் மீண்டும் உட்புகுந்தது.

இரண்டாவது வழி, உப்பைத் தாங்கும் விதையைத் தேர்வது. நெற்பயிர் பொதுவாக உவருக்கு அஞ்சுவது. ஆயினும் எல்லா நெல்லும் ஒரே இயல்பின அல்ல. கேரளத்துக் கரையோர உழவர், மழைக்காலத்தில் நெல்லும் உவர்க்காலத்தில் இறாலும் விளையும் வயல்களிலே 'பொக்காளி' என்னும் நெல்லைப் பன்னெடுங்காலம் பேணி வந்தனர். அது உயர்ந்து வளர்ந்து சாய்வது, விளைச்சலும் குறைவு. ஆயினும் அதனையே ஒரு பெற்றோராகக் கொண்டு, இலங்கையின் தென்கரையிலுள்ள அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம் மூன்றரை மாதத்தில் விளையும் ஏ.ரி. 354 என்னும் இனத்தை உருவாக்கியது. 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அவ்வினம் குடாநாட்டு உவர்வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.

இத்தகைய இனங்கள் உப்பைத் தாங்குவது எவ்வாறு? வங்கத்து 'நோனா பொக்ரா' நெல்லை ஆராய்ந்த சீன அறிஞர், 2005ஆம் ஆண்டில் அதற்குரிய மரபணு ஒன்றைக் கண்டனர். மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தை மீட்டெடுத்து, இலையைச் சென்றடையாதவாறு தடுப்பதே அதன் பணி. உலோகங்கள் பிறவற்றிலும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. இலங்கையின் தென்மேற்கிலுள்ள ஈரத் தாழ்நிலங்களிலே நெல்லுக்குப் பகை, மண்ணில் மிகுந்த இரும்பு. அதனைப் பொறுக்கும் இனங்களைக் களுத்துறை மாவட்டத்துப் பொம்புவல நிலையம் உருவாக்கியது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? விளைச்சல் குறைவென்று பொக்காளியைக் கேரள உழவர் முற்றாகக் கைவிட்டிருப்பின், அம்பலாந்தோட்டை அறிஞருக்கு அந்தப் பெற்றோர் கிடைத்திராது. குடாநாட்டார் தலைமுறை தலைமுறையாக விதைத்த மொட்டைக்கறுப்பனும் மாரி மழையை மட்டுமே நம்பி விளைந்த நெல்லே. உடைந்த அணையைத் திரும்பக் கட்டலாம். அழிந்த விதையை எவராலும் கட்டியெழுப்ப இயலாது. ஒவ்வொரு போகத்திலும் ஒரு பிடி விதையேனும் காப்பது வருங்கால வயலுக்குச் செய்யும் கடமையாகும்.